ஆண்டைக்குக் கேட்காத சிரிப்பு: காவிரிப் படுகைச் சேரிகளின் நகைச்சுவை குறித்துச் சில சொற்கள்

(நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த நிகழ்ச்சிக்காக ஐயாவின் படம் ஒன்று தேடினோம். வீட்டிலும் எங்களிடமுமாக ஏழு படங்கள் கிடைத்தன. ஏழிலும் அவர் சிரித்துக்கொண்டிருந்தார். ஃப்ளெக்ஸ் அடிக்கும் கடைத் தம்பி ஏழையும் பார்த்துவிட்டு, "நினைவு நாளுக்குன்னு சொல்றீங்க, கொஞ்சம் சீரியஸா ஒண்ணு இல்லையாண்ணே?" என்று கேட்டான். ஆதார் அட்டையில் இருக்கும் படம் ஒன்றுதான் சிரிக்காத படம். அதைப் பெரிதாக்கினால் முகமே தெரியவில்லை. கடைசியில் சிரிக்கும் படத்தையே போட்டோம். அதுதான் என் பின்னால் இருக்கிறது.

அந்தத் தம்பியின் கேள்வியைத்தான் இன்று பேசலாம் என்று நாங்கள் முடிவு செய்தோம். ஒடுக்கப்பட்டவனின் நினைவு என்றால் முகம் இறுகியிருக்க வேண்டும் என்று யார் சொன்னது? நம் இலக்கியம், நம் ஆவணங்கள், நம் மேடைகள் எல்லாவற்றிலும் கண்ணீர் இருக்கிறது, கோபம் இருக்கிறது. இரண்டும் நியாயமானவை. ஆனால் நம் தெருவில் காலை முதல் இரவு வரை கேட்கிற சிரிப்பு எங்கே போனது? அதை வெளியே விட்டது யார்? கேட்டுப் பார்த்தால், அதில் நாங்களும் உண்டு. அந்தக் குற்றத்தைக் கடைசியில் சொல்கிறோம்.

பண்ணையில் சிரிப்பு

முதலில் நிலத்தைச் சொல்ல வேண்டும். மேட்டூரில் ஜூன் 12 அன்று தண்ணீர் திறந்தால் தஞ்சை, திருவாரூர், நாகை வயல்களில் குறுவை தொடங்கும். பிறகு சம்பா, தாளடி. தமிழ்நாட்டின் நெற்களஞ்சியம் என்று பாடப்புத்தகத்தில் படித்தோம். அந்தக் களஞ்சியத்தை நிரப்பியவர்கள் பண்ணையாட்கள். குடியிருந்த மனைக்கட்டும் ஆண்டையுடையது. அப்பன் வாங்கிய கடனுக்கு மகன் மாடு மேய்ப்பான். வேலைக்குத் தாமதமாக வந்தால் சவுக்கடி, எதிர்த்துப் பேசினால் சாணிப்பால். சாணியைத் தண்ணீரில் கரைத்து மனிதனின் வாயில் ஊற்றினார்கள். இது ஏதோ பழங்காலத்துக் கதையில்லை. நம் பாட்டன்களின் தொண்டை அறிந்த கதை. 1950களின் தொடக்கத்தில் கேத்லீன் கஃப் என்ற மானிடவியலாளர் தஞ்சைக் கிராமங்களில் தங்கி ஆய்வு செய்து, நிலமும் சாதியும் இங்கே எப்படி ஒன்றையொன்று தாங்கி நின்றன என்று விரிவாக எழுதினார்.

அப்படிப்பட்ட இடத்தில் மனிதர்கள் சிரித்தார்களா? சிரித்தார்கள். ஆனால் எல்லாச் சிரிப்பும் ஒரே சிரிப்பு இல்லை.

ஒரு சிரிப்பு, ஆண்டை கேட்டு வாங்கியது. திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, "டேய், ஆடிக் காட்டுடா" என்பார். ஆட வேண்டும். பல்லைக் காட்ட வேண்டும். அதைப் பார்த்துவிட்டுத்தான் "அவனுங்களுக்கு என்னய்யா கவலை, எப்பவும் சிரிச்சுக்கிட்டு கெடப்பானுங்க" என்று அவர்கள் சொன்னார்கள். அந்தச் சிரிப்பை நாங்கள் கொண்டாட வரவில்லை. அது கூலியில்லாத இன்னொரு வேலை.

இன்னொரு சிரிப்பு, ஆண்டைக்குக் கேட்காதது. அதுதான் நம்முடையது.

பட்டப்பெயரிலிருந்து தொடங்கலாம். நம் சேரிகளில் பட்டப்பெயர் வாங்காத மிராசுதார் கிடையாது. வாசலில் நின்று "ஆண்டே" என்று கூப்பிடுவார்கள். வாய்க்காலைத் தாண்டியதும் அவருக்கு வேறு பெயர். நடையை வைத்து ஒரு பெயர், கஞ்சத்தனத்தை வைத்து ஒரு பெயர், தொப்பையை வைத்து ஒரு பெயர். காரியக்காரருக்குத் தனிப் பெயர். அவர் வரும்போது வரப்பில் நிற்பவர் அந்தப் பெயருக்குப் பொருத்தமான ஒரு பறவையையோ பிராணியையோ பற்றிச் சத்தமாகப் பேசுவார். "மாடு வரப்புல ஏறிடுச்சு, பாத்துக்க!" என்று குரல் வந்தால் வயல் முழுக்கக் குனிந்து வேலை செய்யும். காரியக்காரரும் திரும்பி மாட்டைத் தேடுவார். இதில் சிரிப்பு மட்டும் இல்லை, ஒரு தகவல் அமைப்பும் இருக்கிறது. சங்கம் வருவதற்கு முன்பே சங்கம் நடத்திய பயிற்சி அது.

களத்துக்கு வாருங்கள். நெல் அளக்கும்போது முதல் மரக்காலை "ஒண்ணு" என்று சொல்ல மாட்டார்கள். "லாபம்" என்பார்கள். லாபம், ரெண்டு, மூணு என்றுதான் எண்ணிக்கை போகும். நல்ல சகுனத்துக்காக வந்த வழக்கம். ஐயா இதை எங்களுக்குச் சொல்லும்போது ஒரு பொழிப்புரையும் சொல்வார்: "லாபம்னா அது ஆண்டைக்குப் போயிடும் தம்பி. நமக்கு எண்ணிக்கையே ரெண்டுலேருந்துதான். அதுனாலதான் நாம எப்பவும் ரெண்டாம் மனுசன்."

மரக்காலிலும் இரண்டு உண்டு என்பது படுகையில் எல்லோரும் அறிந்த குறை. வாங்கும்போது ஒன்று, கூலி அளக்கும்போது ஒன்று. அதற்கும் ஐயாவிடம் விளக்கம் இருந்தது: "வாங்குற மரக்கா நல்லா சாப்பிட்டு வயிறு பெருத்தது. குடுக்குற மரக்கா பாவம், வெரதம் இருக்குது." ஒரு பொருளாதாரப் பாடத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா என்று சமூகவியல் படித்த நாங்கள் பல நாள் யோசித்திருக்கிறோம்.

நடவு வயலில் பெண்களின் ராஜ்ஜியம். வரிசையாகக் குனிந்து நின்றுகொண்டு, முகம் தெரியாமல், யார் பேசினார்கள் என்று சொல்ல முடியாமல் பேச்சு பறக்கும். வரப்பில் போகிற ஆணை மறித்துக் குலவை போட்டுக் காசு கேட்பார்கள். கொடுக்காமல் போனால் அவர் நடையும் வேட்டியும் படும் பாடு சொல்லி மாளாது. அந்தப் பேச்சில் கெட்ட வார்த்தை உண்டு, உடம்பு உண்டு, ஆண்மையைப் பற்றிய கேலி உண்டு. தனியாக ஒரு பெண் பேசினால் அவள் முதுகு பிய்ந்துவிடும். இருபது பெண்கள் குனிந்து நின்று பேசினால் அது காற்றில் வந்த பேச்சு. யாரைப் பிடித்து அடிப்பது? கூட்டமாக இருப்பதன் பாதுகாப்பைச் சிரிப்புதான் முதலில் கற்றுக்கொடுத்தது.

அமெரிக்க அறிஞர் ஜேம்ஸ் ஸ்காட், மலேசியாவின் கெடா மாநிலத்தில் ஒரு நெல் விளையும் கிராமத்தில் தங்கியிருந்து, எளியவர்களின் ஆயுதங்கள் பற்றி 1985 இல் ஒரு புத்தகம் எழுதினார். புறம்பேச்சு, பட்டப்பெயர், மெதுவாக வேலை செய்வது, தெரியாததுபோல் நடிப்பது ஆகியவற்றையெல்லாம் அதிகாரத்துக்கு எதிரான அன்றாடச் செயல்களாக அவர் பார்த்தார். கல்லூரியில் அதைப் படித்தபோது எங்களுக்குப் புதிதாக எதுவும் தோன்றவில்லை. எங்கள் அத்தைகளைப் பற்றி யாரோ இங்கிலீஷில் எழுதியிருக்கிறார்கள் என்றுதான் தோன்றியது.

கடல் தாண்டி ஒரு தீவு

இதேபோன்ற சிரிப்பைத் தேடிக் கொஞ்சம் தூரம் போய் வருவோம். கரீபியக் கடலில் ஹைத்தி. பிரெஞ்சுக்காரர்களின் கரும்புத் தோட்டங்களில் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகள் 1791 இல் எழுந்தார்கள். 1804 ஜனவரி 1 அன்று விடுதலையை அறிவித்தார்கள். அடிமைகள் தாங்களே போராடி வென்று அமைத்த நாடு அது. ஆனால் 1825 இல் பிரான்ஸ் போர்க்கப்பல்களை அனுப்பி, 15 கோடி பிராங்க் இழப்பீடு கேட்டது. யாருக்கு இழப்பீடு? அடிமைகளை இழந்த எஜமானர்களுக்கு. அதாவது, ஓடிப்போன மாட்டுக்கு மாடே விலை கொடுக்க வேண்டும். பிறகு தொகை 9 கோடியாகக் குறைக்கப்பட்டது என்றாலும், அதற்காக வாங்கிய கடன்களை அடைத்து முடிக்க 1947 ஆகிவிட்டது.

அந்த நாட்டில் இரவில் கதை சொல்லும்போது, சொல்பவர் "கிரிக்?" என்று கேட்பார். கேட்பவர்கள் எல்லோரும் "கிராக்!" என்று பதில் சொன்னால்தான் கதை தொடங்கும். நம் வீடுகளில் "உம் கொட்டு, அப்பத்தான் சொல்லுவேன்" என்று பாட்டிகள் சொல்வது நினைவுக்கு வரவில்லையா? அங்கே கதைகளில் இரண்டு பேர் திரும்பத் திரும்ப வருவார்கள். ஒருவன் பூக்கி: எப்போதும் பசி, எதையும் நம்புகிறவன், எப்போதும் ஏமாறுகிறவன். மற்றவன் தி மாலிஸ்: சின்னவன், தந்திரக்காரன். பூக்கி என்பது மேற்கு ஆப்பிரிக்காவின் வோலோஃப் மொழியில் கழுதைப்புலிக்குப் பெயர். கப்பலில் உடம்போடு கதையும் போயிருக்கிறது. ஹைத்தி மக்கள் தி மாலிஸின் தந்திரத்துக்குச் சிரிக்கிறார்கள். பூக்கியின் பசிக்கும் சிரிக்கிறார்கள். இரண்டும் தாங்களே என்று அவர்களுக்குத் தெரியும்.

நவம்பர் முதல் இரண்டு நாட்கள் அங்கே இறந்தவர்களின் நாட்கள். கெடே என்று அழைக்கப்படும் சாவின் தெய்வங்கள் ஆட்கள்மேல் வரும். கறுப்பும் ஊதாவும் உடுத்தி, முகத்தில் வெள்ளை மாவு பூசி, மூக்கால் பேசி, ஆபாசமாகக் கேலி செய்து, கல்லறை முழுக்கச் சிரிக்க வைக்கும். நம் தெருவில் வயதானவர் போனால் கல்யாணச் சாவு என்கிறோம். பாடை கட்டுகிற இடத்தில் நடக்கிற ஆட்டத்தையும், செத்தவர் உயிரோடிருந்தபோது செய்த கூத்தையெல்லாம் சொல்லிச் சிரிப்பதையும் வெளியிலிருந்து வந்தவர்கள் பார்த்து முகம் சுளிப்பார்கள். வாழ்நாள் முழுவதும் பயமுறுத்தப்பட்டவன் சாவுக்கு மட்டும் ஏன் பயப்பட வேண்டும்?

மோரிஸ் சிக்ஸ்டோ என்று ஒரு கதைசொல்லி ஹைத்தியில் இருந்தார். 1984 இல் மறைந்தார். அவர் சொன்ன கதைகளில் புகழ்பெற்றது 'தி சாந்தானிஸ்'. பணக்கார வீட்டில் கூலியில்லாமல் வேலை செய்யும் ஏழைச் சிறுமி பற்றியது. அந்த வீட்டாரின் பேச்சையும் பாவனையையும் அவர் அப்படியே செய்து காட்டுவார், கேட்பவர்கள் சிரிப்பார்கள். சிரித்துக்கொண்டே இருக்கும்போது, தங்கள் வீட்டு அடுப்படியில் இருக்கும் சிறுமி நினைவுக்கு வருவாள். அப்போது சிரிப்பு நின்றுவிடும். நம் படுகையில் மாடு மேய்க்க விடப்பட்ட பையன்களுக்கு அப்படி ஒரு கதைசொல்லி கிடைக்கவில்லை. அல்லது கிடைத்தவரை நாம் பதிவு செய்யவில்லை.

ஹைத்திக்கும் நமக்கும் நேரடி உறவு கிடையாது. ஆனால் பக்கத்துத் தீவுகளோடு உண்டு. பிரெஞ்சுக் காலனிகளில் 1848 இல் அடிமை முறை ஒழிந்த பிறகு, தோட்டங்களுக்கு ஆள் பிடிக்க அவர்கள் நம் கடற்கரைக்கு வந்தார்கள். 1850களிலிருந்து 1880கள் வரை காரைக்காலிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகள் மார்த்தினீக்குக்கும் குவாதலூப்புக்கும் கப்பலேறினார்கள். அடிமை விட்டுப்போன மண்வெட்டியைப் பிடிக்க நம் ஆட்கள் போனார்கள். இந்த ஒப்பீடு வெறும் புத்தக ஒப்பீடு இல்லை என்பதற்காகச் சொல்கிறோம்.

சிரிப்பு எங்கே நின்றது

இனி கசப்பான பகுதி. சிரிப்பு சாணிப்பாலை நிறுத்தவில்லை. சவுக்கை நிறுத்தவில்லை. 1940களில் பி. சீனிவாசராவ் கர்நாடகத்திலிருந்து வந்து, சேரிகளில் தங்கி, அடித்தால் வாங்கிக்கொண்டு நிற்காதே என்று சொன்னார். நம் தெருக்களிலிருந்தே களப்பால் குப்பு போன்றவர்கள் எழுந்தார்கள். குப்பு 1948 இல் சிறையில் இறந்தார். செங்கொடிச் சங்கம் கட்டி, அடிபட்டு, ஜெயிலுக்குப் போய்த்தான் சவுக்கடியும் சாணிப்பாலும் முடிவுக்கு வந்தன. 1952 இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பட்டப்பெயர் வைத்ததால் ஒரு சட்டமும் வரவில்லை. நகைச்சுவையே எதிர்ப்பு, அது போதும் என்று யாராவது கட்டுரை எழுதினால் நம்பாதீர்கள்.

ஆனால் இன்னொன்றும் உண்மை. சங்கம் வந்தபோது அது வெறும் தரையில் கட்டப்படவில்லை. ஆண்டையைச் சிரிப்பில் ஏற்கனவே சின்னவனாக்கி வைத்திருந்த மனிதர்கள்தான் கொடியைப் பிடித்தார்கள். தெய்வம் என்று முழுமையாக நம்பியவனை எதிர்த்து யாரும் கூலி கேட்க மாட்டார்கள்.

1968 டிசம்பர் 25, கீழ்வெண்மணி. கூடுதலாக அரைப்படி நெல் கேட்டதும் செங்கொடியை இறக்க மறுத்ததும் குற்றம். ராமையாவின் குடிசைக்குள் ஒளிந்த பெண்களும் குழந்தைகளும் முதியவர்களுமாக 44 பேர் எரிக்கப்பட்டார்கள். கீழ் நீதிமன்றத்தில் தண்டனை பெற்ற மிராசுதார்களைச் சென்னை உயர் நீதிமன்றம் விடுவித்தது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் வசதியானவர்கள், நிலம் உள்ளவர்கள், ஒருவர் கார்கூட வைத்திருப்பவர். அப்படிப்பட்டவர்கள் வேலையாட்களை அனுப்பாமல் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்ற போக்கில் தீர்ப்பு பேசியது.

ஐயாவிடம் ஒருமுறை இதைப் பற்றிக் கேட்டோம். "நம்ம ஆளு யாராச்சும் ஒருத்தன் ஒரு கார் வாங்கி வெச்சிருந்தா, கோர்ட்டு நம்ம பேச்சையும் நம்பியிருக்கும்" என்றார். நாங்கள் சிரிக்கப் பார்த்தோம். அவர் சிரிக்கவில்லை. அவர் சொன்னதில் நாங்கள் சிரிக்காத ஒரே வாக்கியம் அது. ஹைத்தியிடம் கேட்ட இழப்பீட்டையும் இந்தக் காரையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறோம். அதிகாரமும் நகைச்சுவை செய்யும். தான் செய்வது நகைச்சுவை என்று அதற்குத் தெரியாது. அதைத் தீர்ப்பு என்றும் ஒப்பந்தம் என்றும் அது சொல்லிக்கொள்ளும்.

நம்மைப் பார்த்துச் சிரித்தவர்கள்

தமிழில் நகைச்சுவைக்குப் பஞ்சமில்லை. ஆனால் எழுத்தில் ஏறிய நகைச்சுவையில் நாம் எங்கே இருக்கிறோம்? பள்ளு இலக்கியங்களில் பள்ளனும் அவன் இரண்டு மனைவியரும் சண்டையிடுவார்கள். பள்ளன் பண்ணையில் தவறு செய்து தொழுமரத்தில் மாட்டப்படுவான். புலவரும் கேட்பவரும் ரசிப்பார்கள். பண்ணைக்காரனும் அங்கே கேலிக்கு ஆளாகிறான் என்பது உண்மைதான். ஆனாலும் தொழுமரத்தில் கிடப்பவனின் கால் வலி அங்கே சுவை. தோல்பாவைக்கூத்தின் கோமாளிக்கு உச்சிக்குடும்பன் என்று பெயர். குடும்பன் யாருடைய பட்டம் என்று இங்கே சொல்ல வேண்டியதில்லை. தஞ்சை அரண்மனையின் நாடகங்களும் குறவஞ்சியும் சரஸ்வதி மகாலில் சுவடியாகப் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. நம் பாட்டிமார் நடவில் பேசியதற்கு ஒரு ஓலைகூட இல்லை.

திருப்பி அடித்த முயற்சிகளும் உண்டு. கொள்ளிடக்கரை ஆதனூரின் நந்தனாரைக் கோபாலகிருஷ்ண பாரதி 19ஆம் நூற்றாண்டில் கீர்த்தனையாக்கினார். அதில் நந்தன் ஆண்டையிடம் கெஞ்சி உருகுவான். கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் அதே கதாகாலட்சேப வடிவத்தை எடுத்து 'கிந்தனார்' ஆக்கினார். 1949 இல் 'நல்லதம்பி' படத்திலும் வந்தது. கிந்தனுக்குச் சிதம்பரம் போக ஆசையில்லை. படிக்க ஆசை. ரயிலேறிப் போய்ப் படிக்கிறான். எரிய வேண்டிய நெருப்பை ரயில் எஞ்சினில் போட்டுவிட்ட கேலி அது.

அயோத்திதாசப் பண்டிதர் 1907 இல் தொடங்கிய 'தமிழன்' இதழில், சாதி உயர்வு பேசியவர்களை வேஷ பிராமணர் என்றே எழுதினார். வேஷம் என்ற ஒரு சொல்லில் ஒரு நாடக மேடையே இருக்கிறது. பாமாவின் 'கிசும்புக்காரன்' 1996 இல் வந்தபோதுதான், கிசும்பு என்பது வெறும் குறும்பு இல்லை, தலைநிமிர்வு என்பதைத் தமிழ் வாசகர்கள் பார்த்தார்கள். ராஜ் கௌதமனின் 'சிலுவைராஜ் சரித்திரம்' 2002 இல் வந்தது. தன்னையே கேலி செய்துகொண்டு ஒரு முழு நாவல்! அழாமல் எழுதினால் அது தலித் இலக்கியமா என்று அப்போது கேட்டவர்கள் உண்டு. அந்தக் கேள்வியைக் கேட்டவர்களில் பாதிப் பேர் நம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள்.

இன்று விடுதியில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கு இதெல்லாம் பழங்கதை இல்லை. வாட்ஸ்அப் குழுவில் கோட்டா பற்றி ஒரு மீம் வரும். ஸ்காலர்ஷிப் பணத்தில் வாங்கிய செல்போனா என்று ஒருவன் கேட்பான். முகம் சுருங்கினால், "சும்மா தமாஷ்தானே மச்சி, இதைக்கூடத் தாங்க முடியலையா?" என்பான். நாங்கள் படித்த காலத்தில் விடுதி மெஸ்ஸில் எங்களில் ஒருவருக்குச் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, அதையும் தமாஷ் என்றார்கள். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பு இன்னும் தன் தாடையில் வலிக்கிறது என்று சொல்கிறார்.

எது நகைச்சுவை, எது வன்கொடுமை என்று அளக்க நம்மிடம் ஒரு மரக்கால் வேண்டும். ஐயாவிடமிருந்து நாங்கள் கற்றது இது: சொன்னது தவறிப்போய் வெளியே தெரிந்தால் அடி யாருக்கு விழும்? நடவுப் பெண் காரியக்காரரைக் கேலி செய்து மாட்டிக்கொண்டால் அடி அவளுக்கு. மெஸ்ஸில் கேலி செய்தவன் மாட்டிக்கொண்டாலும் அடி கேலிக்கு ஆளானவனுக்கே. புகார் கொடுத்தவன் என்று பெயரும் அவனுக்கே. அடி வாங்கத் தயாராக இருந்து சொல்வது நகைச்சுவை. அடியை அடுத்தவனுக்கு அனுப்பிவிட்டுச் சிரிப்பது வேறு. அதற்கு 1989 ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் இடம் இருக்கிறது. பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் இழிவுபடுத்தும் நோக்கத்தோடு அவமதிப்பதும், சாதிப் பெயர் சொல்லித் திட்டுவதும் குற்றங்கள். தமாஷ் என்ற சொல்லுக்கு அந்தச் சட்டம் விலக்கு எதுவும் கொடுக்கவில்லை.

இதே மரக்காலை நம் வீட்டுக்குள்ளும் கொண்டுவர வேண்டும். வாங்கும்போது ஒன்று, கொடுக்கும்போது ஒன்று வைத்துக்கொள்ள நமக்கும் உரிமையில்லை. நம் தெருவில் புதிரை வண்ணார் குடும்பத்தைப் பற்றிச் சொல்லிச் சிரிக்கிற கதைகள் என்ன? அருந்ததியரைப் பற்றி, நமக்குள்ளேயே பறையர் பள்ளரைப் பற்றியும் பள்ளர் பறையரைப் பற்றியும் சொல்வது என்ன? கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது, கூட்டத்தில் பேசிய தோழியின் நடை உடை பற்றி நம் ஆண் தோழர்கள் செய்யும் நையாண்டி என்ன? நம் வீட்டுப் பெண்கள் இரண்டு இடத்தில் அடி வாங்கி, இரண்டு இடத்தையும் கேலி செய்து பிழைத்ததைப் பாமா 'சங்கதி'யில் 1994 லேயே எழுதிவிட்டார். வயலில் ஆண்டையைக் கேலி செய்த அதே பெண்ணின் வாய், வீட்டுக்கு வந்ததும் ஏன் மூடிக்கொள்கிறது என்ற கேள்விக்கு நாம் இன்னும் பதில் சொல்லவில்லை.

பறைக்கு ஓய்வு

ஐயாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஊர்த்தெருவில் ஒரு சாவு. பறை அடிக்க ஆள் அனுப்பச் சொன்னார்கள். இனி ஊர்ச் சாவுக்கு அடிப்பதில்லை என்று நம் தெருவில் முடிவெடுத்து ஒரு மாதம் ஆகியிருந்தது. பஞ்சாயத்து கூடியது. ஐயாவை நடுவில் நிறுத்தி, "என்னடா திமிரு?" என்று கேட்டார்கள். ஐயா துண்டை இடுப்பில் கட்டவில்லை, தோளிலேயே இருந்தது. "திமிரு இல்லீங்க. பறைக்கு வயசாயிடுச்சு, ரிட்டையர்டு குடுத்துட்டோம். பென்ஷன் நீங்க குடுக்குறதா இருந்தா சொல்லுங்க, கேட்டுப் பாக்குறேன்" என்றார். கூட்டத்தின் ஓரத்தில் நின்ற ஊர்க்காரப் பையன் ஒருவன் தன்னை மறந்து சிரித்துவிட்டான். பஞ்சாயத்தின் கோபம் முழுக்க அந்தப் பையன் மேல் திரும்பியது.

இதை நாங்கள் பல மேடைகளில் சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறோம். சொல்லாமல் விட்டது அடுத்த பாதி. அதற்குப் பிறகு மூன்று மாதம் நம் தெருவுக்கு ஊரில் வேலை இல்லை. கடையில் சாமான் இல்லை. ஐயாவின் மகள் பால்மாவுக்காக ஆறு கிலோமீட்டர் நடந்தார். அவர் இதோ முன்வரிசையில் இருக்கிறார். ஐயாவின் ஒரு வாக்கியத்துக்கு அவர் கொடுத்த விலை அது. சிரிப்பு இலவசம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

எங்கள் குற்றம்

இப்போது முதலில் சொன்ன குற்றத்துக்கு வருகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் படுகையின் முதியவர்களிடம் வாக்குமூலங்கள் சேகரித்துச் சிறு நூலாகக் கொண்டுவந்தோம். ஐயா மட்டும் நான்கு மணி நேரம் பேசினார். அதில் பாதி நேரம் நாங்கள் சிரித்திருக்கிறோம். ஒலிப்பதிவில் அது கேட்கிறது. எழுதி எடுக்கும்போது சிரிப்பு வந்த இடங்களை நீக்கினோம். வாசகர்கள் விஷயத்தை லேசாக எடுத்துக்கொள்வார்கள் என்று பயம். கெட்ட வார்த்தைகளை எடுத்தோம். பட்டப்பெயர்களை எடுத்தோம். மரக்கால் விரதம் இருந்ததையும் எடுத்தோம். மிச்சம் இருந்தது அடி, பசி, அழுகை.

நூலைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். பேத்தியைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். முழுவதும் கேட்டார். கடைசியில், "நல்லா இருக்கு தம்பி. நான் செத்ததுக்கு அப்புறம் எழுதுனது மாதிரி இருக்கு" என்றார்.

ஆண்டை நம் சிரிப்பை வேடிக்கை என்று எடுத்துக்கொண்டார். நாங்கள் அதை வெட்கம் என்று எடுத்து எறிந்தோம். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு மனிதனின் பாதியை அழித்திருக்கிறோம்.

ஆகவே மாணவர்களிடம் ஒரு வேலையைக் கேட்கிறோம். நடவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் வந்த பிறகு, இருபது பெண்கள் சேர்ந்து குனிந்து நிற்கும் வயல் குறைந்துவிட்டது. அந்தச் சிரிப்பின் ஒரு பகுதி நூறு நாள் வேலைத் திடலில் உட்கார்ந்திருக்கிறது. மீதி, திண்ணையில் தனியாகப் படுத்திருக்கும் கிழவிகளிடம் இருக்கிறது. போய்க் கேளுங்கள். பட்டப்பெயர்களை, விடுகதைகளை, வரப்பில் சொன்ன வசவுகளை, கல்யாணச் சாவில் சொன்ன கதைகளை எழுதுங்கள். சொன்னவர் அனுமதி இல்லாமல் வெளியிடாதீர்கள். பட்டப்பெயரின் சொந்தக்காரரும் அவர் பேரனும் இன்னும் அதே ஊரில்தான் இருக்கிறார்கள். கெட்ட வார்த்தையைத் திருத்தாதீர்கள். யார் சிரித்தார்கள் என்று எழுதும்போதே, அந்த இடத்தில் யார் சிரிக்கவில்லை என்றும் எழுதுங்கள். நம் சொந்த அநியாயங்கள் அங்கேதான் அகப்படும்.

ஐயாவின் நான்கு மணி நேர ஒலிப்பதிவு அழியாமல் இருக்கிறது. எதையும் நீக்காமல், சிரிப்போடு சேர்த்து, அதை மறுபடி எழுதி அச்சுக்குக் கொடுப்பதாக அவர் மகளிடம் நேற்றுச் சொன்னோம். "அப்பா ஊர்க்காரங்களுக்கு வெச்ச பேரு எல்லாம் வருமா?" என்று கேட்டார். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தார். "எங்க வூட்டுக்காரருக்கு வெச்ச பேரை மட்டும் எடுத்துடுங்க" என்றார்.

அந்த ஒன்றை மட்டும் எடுத்துவிடுகிறோம்.

ஜெய்பீம்.